ஆலோசனை என்னும் ஒரு சொல்

இலக்கிய அனுபந்தத்தில் கவிதையையும் கதையையும் விட்டுவிட்டு அரபு நாட்டு உடன்படிக்கைகளைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நாம் சொல்லும் சமாதானம் இதுதான். கவிதையில் ஒரு சொல் பிசகினால் கெடுவது அக்கவிதை மட்டுமே; உடன்படிக்கையில் ஒரு சொல் பிசகினால் கெடுவது பல்லாயிரம் பேருடைய குடிவாழ்க்கை. ஆகவே எழுத்தெண்ணிப் படிக்கவேண்டியவற்றுள் உடன்படிக்கையும் ஒன்றாகும். நம் தமிழ்ப் பத்திரிகைகளோ மேற்காசியச் செய்திகளை வெளியிடும்பொழுது, குண்டு விழுந்த இடத்தையும் மாண்டவர் தொகையையும் பெரிய எழுத்தில் போடுகின்றனவேயன்றி, அக்குண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட சொற்களைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும், ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதியில் கண்ட தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு, வேலை முடிந்ததாக எண்ணிவிடுகின்றன.

இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாம் வாழும் பேராவிலிருந்தே தொடங்கலாம். 1874-ம் வருஷம் ஜனவரி மாதம் 20-ந் தேதி பங்கோரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பேராவின் சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெஸிடெண்டை ஏற்றுக்கொள்ளவேண்டும். மலாய் மதத்தையும் வழக்கத்தையும் சேர்ந்தவை நீங்கலாக மற்றெல்லா விஷயங்களிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்கவேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். ஆலோசனை என்பது கேட்பவன் விரும்பினால் கொள்வதும் விரும்பாவிடில் தள்ளுவதுமான ஒன்று. திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே பெரியாரைத் தேடிக்கொள்பவன் அரசன்; பெரியார் அரசனைத் தேடிப் பிடிப்பதில்லை. பங்கோரிலோ கேட்டே தீரவேண்டும், கேட்டால் செய்தே தீரவேண்டும். இதற்குத் தமிழில் உத்தரவு என்று பெயர். இரண்டு ஆண்டுகள் முழுதாகச் செல்லுமுன், 1875-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, முதல் ரெஸிடெண்டான பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பின்பு படை வந்தது. சுல்தான் அப்துல்லா செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆலோசனையை மறுத்தவருக்குத் தீவு ஏற்பட்டதென்றால், அந்த ஆலோசனை எத்தகையதென்று நாம் விரித்துரைக்க வேண்டுமா?

இச்சொல் பேராவோடு நிற்கவில்லை. 1882-ல் எகிப்தைத் தம் படையால் பிடித்த பிரிட்டிஷார், 1884 ஜனவரியில் தங்கள் மந்திரி கிரான்வில் மூலம் ஒரு விதியை எழுதியனுப்பினர். தங்கள் ஆலோசனைப்படி நடக்காத எகிப்திய மந்திரிகள் பதவியை விட்டு நீங்கவேண்டும் என்பதே அது. முதல் உலக யுத்தம் முடிந்து 1919-ல் சர்வதேச சங்கத்தின் சாசனம் எழுதப்பட்டபோது, அதன் 22-வது விதியிலும் இச்சொல் வந்து அமர்ந்தது. துருக்கி சாம்ராஜ்யத்திலிருந்து விடுபட்ட சில சமூகங்கள் சுதந்திர தேசங்களாகத் தற்காலிகமாக ஒப்புக்கொள்ளப்படலாம். தம் காலில் தாம் நிற்கும் வரையில் வேறொரு வல்லரசு அவற்றிற்கு நிர்வாக ஆலோசனையும் உதவியும் அளிக்கும் என்றது அவ்விதி. தம் காலில் நிற்கிறார்களா என்று முடிவு செய்பவர் யார்? அவ்விதி அந்த உரிமையைச் சம்பந்தப்பட்ட மக்களிடம் கொடுக்கவில்லை. 1920 மார்ச்சில் டமாஸ்கஸில் பைசலைத் தம் அரசராக முடிசூட்டிய சிரியர்களுக்கு ஆலோசனை கூற, பிரெஞ்சுக்காரர் அதே வருஷம் ஜூலையில் பீரங்கியோடு வந்து மைசலூனில் போரிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டனர். துரத்தப்பட்ட அந்தப் பைசலே 1921-ல் ஈராக்கில் பிரிட்டிஷார் ஆதரவில் அரசராக்கப்பட்டார். 1922-ம் வருஷத்து உடன்படிக்கையோ, முக்கியமான சர்வதேச, பொருளாதாரக் கடமைகளில் அவர் பிரிட்டிஷ் ஹைகமிஷனரின் ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்றது. பங்கோரின் வாசகம் பாக்தாது வரையில் நடந்து போயிற்று என்றால் பிழையாகாது.

பாலஸ்தீன விஷயத்தில் சொல்லை விடச் சொல்லாமையே பெரிது. 1917 நவம்பர் 2-ந் தேதியிட்ட பால்பர் அறிக்கை யூத மக்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் ஏற்பட ஆதரவளித்தது. அப்போது அந்நாட்டு மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கினர் அரபியர். அறிக்கையில் அரபியர் என்ற பெயரே இல்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்றே குறிக்கப்பட்டனர். 'அல்லாதார்' என்ற பெயரை ஒருவர் தாமே சூட்டிக்கொள்வது ஒன்று. வீட்டுக்காரனுக்கு வெளியார் அதைச் சூட்டுவது வேறொன்று. ஒரு தோட்டத்து ஜனங்களையெல்லாம் 'துரையல்லாதார்' என்று பேரேட்டில் எழுதினால் நமக்கு எப்படியிருக்கும்? ஐரோப்பாவில் யூத மக்கள் அடைந்த கொடுமையை நாம் அணுவளவும் குறைத்துச் சொல்லவில்லை. பெயர் பெற்றவருக்கும் பெயர் மறுக்கப்பட்டவருக்கும் நடுவே எழுதப்பட்ட வாசகம் சமாதானத்தை விளைவிக்காது என்பதே நமது அபிப்பிராயம்.

1967 நவம்பர் 22-ந் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242-வது தீர்மானம் இன்னும் விசித்திரமானது. அவ்வருஷத்துப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரவேல் படைகள் விலகவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. ஆங்கில வாசகத்தில் 'தி' என்ற சிறு சொல் இல்லாமையால், எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா என்ற வழக்கு எழுந்தது. பிரெஞ்சு வாசகத்தில் அச்சொல்லுக்கு நிகரானது இருக்கிறது. தமிழில் அப்படியொரு சொல்லே கிடையாது. ஆகவே தமிழில் பெயர்ப்பவர் 'எல்லா' என்று சேர்த்தாலும், 'சில' என்று சேர்த்தாலும், தம் கட்சியையே சேர்த்தவராவார். உள்ளதை உள்ளபடி பெயர்த்து, இங்கே ஒரு சிக்கல் இருக்கிறதென்று வாசகருக்குச் சொல்லிவிடுவதுதான் யோக்கியமான வழி.

இப்படிச் சொல்வதால் குற்றமெல்லாம் ஐரோப்பியருடையதே என்று யாரும் கொள்ளவேண்டாம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் படையெடுத்துப் பிடித்துவிட்டு, அதற்கு 'இணைப்பு' என்று பெயரிட்டது. மொழியை ஏமாற்றும் வித்தை எந்த ஜாதிக்கும் தனிச் சொத்தன்று.

இவையெல்லாம் கடல் கடந்த விஷயம் என்பாருக்கு ஒன்று சொல்லுவோம். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி 1948 மே மாதம் 14-ந் தேதி முடிந்தது. ஜூன் 16-ந் தேதி நமது சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர் சுடப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அவ்வருஷமே, பாலஸ்தீனத்தில் தலைமைக் காரியதரிசியாயிருந்த ஸர் ஹென்றி கர்னி மலாயாவின் ஹைகமிஷனராக வந்தார்; அங்கே போலீஸ் தலைவராயிருந்த கர்னல் கிரே இங்கும் போலீஸ் தலைவரானார். அந்த 'அவசரம்' 1960 வரை, பன்னிரண்டு வருஷம் நீடித்தது. பன்னிரண்டு வருஷம் நீடிப்பதை அவசரம் என்று எந்த அகராதி சொல்லும்? நாம் அச்சொல்லையும் அப்படியே தமிழாக்கிக்கொண்டோம்.

பத்திரிகைகளைக் குறை கூறும் நாம் நமது குறையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த காரணத்தால், தோட்டத்துக் கிராணி வேலையில் மொழிபெயர்ப்பும் நம் தலையில் விழுந்தது. தோட்டம் கைமாறிய சமயம் லயத்து ஜனங்களுக்கு ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. மாற்று வீடு கொடுப்பது பற்றிக் 'கவனிக்கப்படும்' என்பது அதன் வாசகம். ஜனங்கள் கலங்காதிருக்கட்டும் என்று 'மாற்று வீடு கொடுக்கப்படும்' என நாம் தமிழில் எழுதி ஒட்டினோம். ஜனங்கள் நம்பி லயத்தைக் காலி செய்தார்கள். வீடு வரவில்லை. பல மாதம் கழித்து, பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அங்கே உழைத்த ஓர் அம்மாள் அந்தக் காகிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து நீட்டி, “கிராணி ஐயா, இது நீங்க எழுதுனதுதானே?” என்று மட்டும் கேட்டார். ஆங்கிலக் காகிதத்தில் பிழையில்லை. அதை எழுதியவர் அதற்குள் பத்திரமாக இருந்தார். அகப்பட்டுக்கொண்டது நமது தமிழே.

அன்றிலிருந்து எந்த வாசகத்தைப் பெயர்த்தாலும் 'மறுத்தால் என்ன ஆகும்?' என்றும் 'முடிவு செய்பவர் யார்?' என்றும் கேட்டுக்கொண்ட பிறகே பேனாவை எடுக்கிறோம். மறுக்க முடியாத ஆலோசனையை உத்தரவு என்றும், கடமையில்லாத வாக்குறுதியை வெறும் சொல் என்றும் எழுதத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பத்திரிகாசிரியர்கள் அவ்விரு கேள்விகளையும் தங்கள் மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நேயர்கள், காஸாவிலிருந்து வரும் ஒப்பந்தச் செய்தியைப் படிக்கும்போதும், தங்கள் வாசலில் ஒட்டப்படும் அறிவிப்பைப் படிக்கும்போதும், அவற்றையே கேட்பார்களாக.