பொன்னாடையும் கூலியும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரித் தமிழ்மன்ற விழாவுக்கு ஒரு நாட்டுப்புறப் பாடகியை அழைத்திருந்தோம். அறுபதைத் தாண்டியவர். தெம்மாங்கு, தாலாட்டு, மாணவிகள் கேட்டதற்காகக் கடைசியில் ஓர் ஒப்பாரி என்று ஒன்றரை மணி நேரம் பாடினார். முதல் வரிசையிலிருந்த நான் அழுதுவிட்டேன். பொன்னாடை போர்த்தி, நினைவுப்பரிசும் பேருந்துக் கட்டணமும் தந்தோம். வழியனுப்பப் போனபோது பொன்னாடையை மடித்தபடியே சொன்னார்: "வீட்டுல இது மாதிரி ஒரு பெட்டி நெறயக் கெடக்கு டீச்சர். அரிசிக் கடையில எடுத்துக்கிட மாட்டேங்குறாங்க."

அந்த விழாக் குழுவில் நானும் இருந்தேன். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேசிய தொகையைக் கொடுத்திருந்தோம். பாடியவரிடம் மட்டும் தொகை பேசத் தோன்றவில்லை. கலைக்கு விலை பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தோம்.

இத்தனைக்கும் வகுப்பில் ஆற்றுப்படை நடத்துகிறவள் நான். பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழிகாட்டும் இலக்கியம் அது. பாணனுக்குப் பொற்றாமரை, விறலிக்குப் பொன்னணி என்று கிடைத்ததைக் கூச்சமின்றிச் சொல்கிறது சங்க மரபு. பாடுகிறவளுக்கும் பசிக்கும் என்று அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அங்கே கொடுக்கிறவர் பெரும்பாலும் ஆண். 'புரவலன்' என்பதற்கு இணையான பெண்பாற்சொல் நம் வழக்கில் நிலைபெறவில்லை. பெண் கொடுத்தபோது அதற்கு வேறு பெயர் வைத்தோம்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தேவதாசி மரபில் பிறந்து, கச்சேரி செய்து பொருளீட்டியவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி சிதைந்து கிடந்தபோது, தன் சம்பாத்தியத்தைப் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். அங்கு நடந்த ஆராதனையிலோ பெண்கள் பாடக்கூடாது என்பது வழக்கம். கட்டியவரே பாட முடியவில்லை. 1927இல் சமாதியின் பின்புறத்தில் பெண்களுக்கெனத் தனி ஆராதனையைத் தொடங்கினார். ஆண்களின் இரு கட்சிகளோடு இது 'பெண்கள் கட்சி' ஆயிற்று. எல்லாம் இணைந்து ஒரே விழாவானது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

அதற்கும் முன்பே, 1910இல், தஞ்சை மராத்திய அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை அவர் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கிலேய அரசு அதைத் தடைசெய்தது. இரண்டு காரியங்களையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு கலைஞரின் குரல் அழிந்துவிடக்கூடாது என்று தன் உழைப்பையும் பெயரையும் பணயம் வைத்த ஒரு பாடகி தெரிவார்.

இசை உலகம் இன்றும் அவரைப் 'பக்தை' என்றே நினைவுகூர்கிறது. அவருடைய பக்தியை நான் ஐயுறவில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அவர் செலவழித்த பணமும், பதிப்பாசிரியராக எடுத்த முடிவும், பாடும் உரிமைக்காக நின்ற நிலையும் காணாமல் போவதைத்தான் சொல்கிறேன். பெண் கொடுத்தால் பக்தி. பெண் பாடினால் சேவை. இரண்டு சொற்களுமே கணக்கு எழுத விடாதவை.

வீட்டுக்குள் அந்தச் சொல் 'பாசம்'. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் என் அப்பத்தாவுக்கு ஆள் வரும். விடியவிடிய ஒப்பாரி சொல்லித் தொண்டை கட்டித் திரும்புவாள். தப்படித்தவர்களுக்குக் குறைவாகவேனும் கூலி உண்டு. அவளுக்கு வெற்றிலை பாக்கு. எந்த இடத்தில் வரியை உடைப்பது, எந்த இடத்தில் மூச்சை நிறுத்துவது என்று நான் கற்றது அவளிடம்தான். யாப்பிலக்கணம் பிறகு வந்தது. என் முதல் கவிதைத் தொகுப்பின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அப்பத்தாவின் பெயர் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அவளை என் ஆசிரியராக எண்ணியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ரசிகை என்பவள் கண்ணீர் விடுவதோடு கடன் தீர்ந்துவிடுமா? அடுத்த ஆண்டு அதே பாடகியை அழைத்தபோது, தேதிக்கு முன்பாகத் தொகையைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, தவில்காரர் ஒருவரும் வேண்டும் என்று சொல்லி, இருவருக்குமாக ஒரு தொகை சொன்னார். முந்தைய விழாவில் ஒலிபெருக்கிக்குக் கொடுத்ததைவிட அது குறைவு.