சாமுண்டி மலையில் எழுத்தாளர்கள்

2025 செப்டம்பர் 22 அன்று சாமுண்டி மலையில் எழுத்தாளர் பானு முஷ்தாக் அம்மனுக்கு மலர் தூவி மைசூரு தசராவைத் தொடங்கிவைத்தார். இஸ்லாமியர் ஒருவர் தொடங்கிவைக்கக் கூடாது என்று போடப்பட்ட மனுக்களைக் கர்நாடக உயர் நீதிமன்றம் செப்டம்பர் 15-இலும், உச்ச நீதிமன்றம் 19-இலும் தள்ளுபடி செய்திருந்தன. அரசு நடத்தும் விழாவில் மதத்தைப் பார்த்து ஒருவரை விலக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அது முற்றிலும் சரி. ஆனால் வழக்கோடு முடிந்துவிடும் விஷயமல்ல இது.

1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. அம்பாரியில் மன்னர் அமர்ந்து வந்த காலம் போய், இன்று அந்தத் தங்க அம்பாரியில் சாமுண்டேஸ்வரி சிலை ஊர்வலம் வருகிறது. முன்னாள் அரச குடும்பமான உடையார்களின் தர்பார் அரண்மனைக்குள் தனியாக நடக்கிறது. வெளியே நடப்பது மக்கள் பணத்தில் அரசு எடுக்கும் விழா. மன்னர் இல்லாத விழாவைத் தொடங்கிவைக்கும் தகுதி யாருக்கு? அரசியல் தலைவர்களும் தொடங்கிவைத்திருக்கிறார்கள் என்றாலும், அண்மைக் காலத்தில் கர்நாடகம் பெரும்பாலும் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும்தான் அழைத்திருக்கிறது. 2016-இல் சென்னவீர கணவி, 2017-இல் நிசார் அகமது, 2019-இல் எஸ்.எல்.பைரப்பா, 2023-இல் இசையமைப்பாளர் ஹம்சலேகா, 2024-இல் ஹம்பா நாகராஜையா. அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றினால்தான் அரசு விழா என்று பழகிப்போன தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. பைரப்பாவும் பானு முஷ்தாக்கும் சிந்தனையில் எதிரெதிர்த் துருவங்கள். இருவருக்கும் இடம் கொடுத்தது அதே மலை. பானு தொடங்கிவைத்து இரண்டு நாள் கழித்து, அதே தசரா நாட்களில், பைரப்பா காலமானார்.

குறை, தேர்வு நடக்கும் விதத்தில் இருக்கிறது. விருந்தினர் பெயரை முதலமைச்சர் அறிவிக்கிறார். ஏன் இவர், யாரெல்லாம் பரிசீலிக்கப்பட்டார்கள் என்பது வெளியே வருவதில்லை. அதனால் பைரப்பா என்றால் பாஜகவின் தேர்வு, பானு என்றால் காங்கிரஸின் தேர்வு என்று எழுத்தாளர் மீது கட்சி முத்திரை விழுகிறது. அவருடைய கதைகளைப் படிக்காதவர்களும் அவர் மதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பானுவுக்கு அதுதான் நடந்தது. கன்னடத்தைப் புவனேஸ்வரி தேவியாக்கியதில் தன்னைப் போன்றவர்களுக்கு எங்கே இடம் என்று 2023-இல் அவர் கேட்ட கேள்வியைத் தோண்டியெடுத்து அவருக்கு எதிராகவே திருப்பினார்கள். நியாயமான கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

பானு பெற்ற சர்வதேச புக்கர் பரிசுக்கான மரியாதைதான் இந்த அழைப்பு என்றால், அந்தப் பரிசை அவரோடு சரிபாதியாகப் பகிர்ந்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தி ஏன் மேடையில் இல்லை? இப்படிக் கேட்டவர்களில் சிலருக்கு உள்நோக்கம் இருந்திருக்கலாம். அதற்காகக் கேள்வி தவறாகிவிடாது. பானுவின் கன்னடக் கதைகளை உலகம் படித்தது பஸ்தியின் ஆங்கிலத்தில்தான்.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. இது அரசு விழா, எல்லோருக்கும் பொது என்பது நீதிமன்றத்தில் அரசின் வாதம். மலையிலோ சுப முகூர்த்தம் பார்த்து, அர்ச்சகர்கள் முன்னிலையில், அம்மனுக்கு மலர் தூவித்தான் விழா தொடங்குகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; இந்தியத் திருவிழாக்கள் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் பொது என்ற சொல்லை அரசு முழுதாகக் காப்பாற்ற வேண்டும். அம்மன் வதைத்த அசுரன் என்று புராணம் சொல்லும் மகிஷனைத் தங்கள் மன்னன் என்று கொண்டாடும் தலித் அமைப்புகளின் மகிஷ தசராவுக்கு 2019-இல் பாஜக ஆட்சி தடை போட்டது. 2023-இல் காங்கிரஸ் ஆட்சியிலும் மலையில் இடமில்லை. நகர மண்டபத்துக்குள் நடத்திக்கொள்ளச் சொன்னார்கள். பானுவின் உரிமைக்காக உறுதியாக நின்ற அரசு, தன் சொந்தக் குடிமக்கள் சொல்லும் இன்னொரு கதைக்கு மலையேற அனுமதி தரவில்லை.

எழுத்தாளரை அழைக்கும் வழக்கம் தொடர வேண்டும். தேர்வை முதலமைச்சர் கையிலிருந்து எடுத்து, எதிர்க்கட்சியினரும் பல்கலைக்கழக அறிஞர்களும் உள்ள குழுவிடம் ஒப்படைக்கட்டும். காரணத்தை எழுத்தில் வெளியிடட்டும். மகிஷ தசராவுக்கும் மலையில் ஒரு நாள் ஒதுக்கட்டும். கர்நாடக அரசு அடுத்த தசராவுக்குள் இதைச் செய்ய வேண்டும்.