பலாப்பொந்தும் வேப்பமரமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் நெய்யாற்றின்கரை வந்துவிடும். அங்கே கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் வயசான பலா ஒன்று உண்டு. அம்மச்சிப் பிலாவு என்பார்கள். அடிமரம் உள்ளே கூடு விழுந்து, ஆள் ஒண்டி நிற்கிற அளவுக்குப் பொந்து. திருவிதாங்கூர் அரச குடும்பத்தை எதிர்த்து நின்ற எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இதற்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கதை. ஒளியச் சொன்னது வழியில் நின்ற ஒரு சிறுவன். அந்தச் சிறுவன் கண்ணனேதான் என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சாகசக் கதை என்றால் முதலில் கேட்பது இதைத்தான். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் 'மார்த்தாண்ட வர்மா' நாவலைக் கொண்டுவந்தபோது இந்த ஓட்டமும் ஒளிவும் மாறுவேடமும் அச்சேறின. பிறகு பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கேட்பானேன்.

அதே சாலையில் இன்னும் போனால் நாகர்கோவிலை ஒட்டிப் பெருவிளை. அங்கேயும் ஒரு மரத்தின் கதை சொல்வார்கள். அது வேம்பு. காலமும் ராஜாவும் அதேதான். இந்த முறை ராஜாவின் கைதி ஒருவரை வெயிலிலும் மழையிலும் அந்த மரத்தோடு கட்டிப் போட்டிருந்தார்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, ஞானஸ்நானத்துக்குப் பிறகு தேவசகாயம்.

மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பொடியன் எழுந்து கேட்டான்: "சிஸ்டர், ராஜா ஒளிஞ்சாருல்ல, இவரு மட்டும் ஏன் ஓடிப்போவல?" சிஸ்டர் சிரித்துவிட்டு, "உக்காரு மக்களே, கதைய முழுசா கேளு" என்றார். கேட்டால் விளங்கிவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கதையின் ருசி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்ற சாகசக் கதைகளில் நாயகன் எப்படித் தப்பப்போகிறான் என்று பக்கம் புரட்டுகிறோம். இதில் தப்பாமல் எப்படி இருக்கப்போகிறான் என்று புரட்ட வேண்டியிருக்கிறது.

எருமையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1749 பிப்ரவரியில் கைதானவரை எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது மரபு. சாகச நாவல்களில் விலங்குக்குக் குறைவில்லை. போலந்துக்காரர் சியன்கீவிச்சின் 'குவோ வாடிஸ்' நாவலில் நீரோவின் அரங்கத்துக்குள் காட்டெருது பாய்கிறது. அதன் மேல் கட்டப்பட்டிருக்கிற கிறிஸ்தவப் பெண்ணைக் காக்க அர்சஸ் என்கிற ராட்சத பலசாலி வெறுங்கையால் அதன் கழுத்தைத் திருகி முறிக்கிறான். 'பென்ஹர்' படித்தவர்களுக்குத் தேர்க்குதிரைகளின் குளம்பொலி மறக்காது. அந்த இரண்டு நாவலும் உலகம் முழுக்கப் பையன்களை ராத்திரி விளக்கணைக்க விடாமல் செய்தவை. நம் கதையிலோ எருமை பாட்டுக்கு நடக்கிறது. அதற்கு யார் மேலும் கோபமில்லை. நாயகன் அதை அடக்கவும் இல்லை, அதிலிருந்து குதிக்கவும் இல்லை. திரும்பி உட்கார்ந்திருப்பதால் எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பின்னாலேயே வந்து கூச்சல் போடுகிற ஜனங்களின் முகம்தான் தெரியும். அவமானப்படுத்த வேண்டும் என்று யோசித்தவர் நன்றாகவே யோசித்திருக்கிறார். கழுத்தில் கிடப்பதோ வேலியோரத்து எருக்கம்பூ. அரண்மனையில் அதிகாரியாக உலவிய மனுஷனுக்கு இதைவிடக் கச்சிதமான தண்டனை இல்லை. அடித்தார்கள், காயத்தில் மிளகுப்பொடி தேய்த்தார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும் வண்ணப்பட நூல்கள் சிவப்பு மையில் பக்கம் பக்கமாகத் தீட்டுகின்றன. எனக்கு அந்த ரத்தத்தைவிட எருமையின் சாவதான நடைதான் உறைக்கிறது.

அடுத்து, ஒரு வாய் தண்ணீர். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் வேண்டிக்கொண்டு கைமுட்டியால் பாறையில் இடித்தார், நீர் சுரந்தது என்பார்கள். முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் ஜனம் அங்கே போகிறது. பாறையிலிருந்து நீர் வருவது பைபிளுக்குப் புதிதல்ல, ஆனால் மோசே கையில் கோலாவது இருந்தது. கைகள் கட்டப்பட்ட ஆளுக்கு மிச்சமிருப்பது முட்டிதான். கதை கட்டிய நாட்டுப்புறத்தானுக்கு அந்த நுணுக்கம் தெரிந்திருக்கிறது.

இனி முன்கதை. 1741 ஆகஸ்ட் 10, குளச்சல். டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேசியஸ் டிலனாய். டச்சுக்காரர்களிடம் வேலைபார்த்த கத்தோலிக்கர். ராஜா அவரைச் சிறையில் போட்டு வீணாக்கவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டை அவர் கையில் புதுப்பிக்கப்பட்டது. பின்னாளில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். அவர் ராஜா முன் பணிகிற காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை அது. ஸ்கூல் பிள்ளைகளைப் பஸ் பஸ்ஸாக ஏற்றிவந்து அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். கதையின் மறுபாதியை யாரும் அங்கே நின்று சொல்வதில்லை.

மறுபாதி இதுதான். மாடு செத்து, விளைச்சல் போய், மனம் ஒடிந்து கிடந்த நீலகண்ட பிள்ளைக்கு டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். ஆடு மாடு ஒட்டகம், பிள்ளைகள், கடைசியில் உடம்பின் தோல் வரை பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்த யோபு. மாடு போன துக்கத்தில் இருப்பவனிடம் மாடு போனவன் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, அதை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. அவர் வேதாந்தம் பேசவில்லை, நரகத்தைக் காட்டி மிரட்டவும் இல்லை. சொன்னவரும் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்தான், போரில் தோற்றுப் பிடிபட்டவர். கைதி ஆறுதல் சொல்ல, ஜெயித்த பக்கத்து அதிகாரி உட்கார்ந்து கேட்கிறார். சரித்திர நாவலாசிரியர்கள் இப்படி ஒரு சந்திப்புக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கேட்டவர் உள்ளூரிலேயே ஞானஸ்நானம் பெறவில்லை. மலைக்கு அப்பால், ராஜாவின் எல்லைக்கு வெளியே, வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவானவர் புத்தாரியிடம் 1745 மே 14 அன்று பெற்றார். திருவிதாங்கூரிலிருந்து அந்தப் பக்கம் போக இயற்கையான கணவாய் ஆரல்வாய்மொழி. 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக்கொன்ற காற்றாடி மலை இருப்பதும் அதே ஆரல்வாய்மொழியில்தான். தேசப்படத்தில் விரலை வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு இது தானாகவே தட்டுப்படும். எந்த வாசல் வழியே போய்ப் புது மனுஷனாகத் திரும்பினாரோ, அந்த வாசலருகேதான் உயிர் போயிற்று. இத்தனைக்கும் எல்லை எட்டிப்பிடிக்கிற தூரம். நல்ல கதாசிரியன் கற்பனையில் இப்படி அமைத்திருந்தால் 'கொஞ்சம் செயற்கை' என்று விமர்சகர் எழுதியிருப்பார்.

அங்கே இருக்கிற மணியடிச்சான் பாறையைச் சொல்லாமல் விட முடியாது. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கலமாகக் கணீரென்று ஒலிக்கும். அவர் உயிர் பிரிந்தபோது மலையிலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை என்பது நம்பிக்கை. பெரியவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் கல்லை மாற்றி மாற்றி, எந்த இடத்தில் சத்தம் கூடுதல் என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். கதையைத் தொட்டுப் பார்ப்பதோடு தட்டியும் பார்க்கலாம் என்கிற வசதி எத்தனை சாகசக் கதைக்கு வாய்க்கும்?

எலும்புகளைப் பொறுக்கிக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயரின் வாலில் இருந்த சாதிப்பட்டம் விடப்பட்டிருந்தது. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதே மேல்தட்டின் வெறுப்பைக் கிளப்பியது என்று ரோம் சொல்லும்போது, பட்டத்தை விட்டதும் நியாயம்தான். மதத்துக்காகக் கொல்லப்படவில்லை, அரச குற்றத்துக்கான தண்டனை என்று வாதாடுகிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. அதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மறைப்பதால் ஒரு கதைக்கும் பலம் கூடாது. இலங்கையின் வடக்கில் கத்தோலிக்க ஊர்களில் இது நாட்டுக்கூத்தாக விடிய விடிய நடந்திருக்கிறது. கூத்தில் ராஜாவுக்கும் கணீர்க் குரலில் பாட்டு உண்டு, அதனால் அவர் பொம்மை வில்லனாகிவிடுவதில்லை. நம் வண்ணப்பட நூல்களில் அவருக்கு முறைத்த கண்ணும் முறுக்கிய மீசையும் மட்டுமே மிச்சம். பலாப்பொந்துக்குள் மூச்சை அடக்கி நின்ற அதே இளைஞன்தான் பின்னாளில் இந்தத் தீர்ப்பைச் சொன்ன ராஜா என்று ஒரு வரி சேர்த்தால் கதை எங்கேயோ போய்விடும். சேர்ப்பாரில்லை.

அந்த வண்ணப்பட நூல்கள் விட்டுவிடுகிற இன்னொரு ஆள் டிலனாய். யோபு கதையைச் சொல்லி வடக்கன்குளத்துக்கு அனுப்பியதோடு படக்கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார். அசல் வாழ்க்கையில் அவர் எங்கும் போகவில்லை. உதயகிரிக் கோட்டை இருப்பது புலியூர்க்குறிச்சியில், அதாவது முட்டிடிச்சான் பாறைக்குப் பக்கத்தில். நண்பர் தாகத்தில் துடித்ததாகச் சொல்லும் இடமும் தளபதியின் கோட்டையும் அடுத்தடுத்து. காற்றாடி மலையில் துப்பாக்கி தூக்கியவர்கள் அவர் பழக்கிய படையைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகும் அவர் அதே அரசில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தார். 1777 ஜூன் 1 அன்று இறந்தார். கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் அவர் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். ராஜாவுக்கு முப்பத்தேழு வருஷம் போல விசுவாசமாக உழைத்ததை அது பெருமையாகச் சொல்கிறது. நண்பரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பக்கத்தில் மகன் யோவானின் கல்லறை. அவனும் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து, களக்காட்டுச் சண்டையில் காயம்பட்டு, சுமார் இருபது வயதில் 1765இல் இறந்தவன். கணக்குப் போட்டால் தேவசகாயம் சுடப்பட்ட வருஷத்தில் அவனுக்கு ஆறேழு வயசு. இளையோருக்குச் சரித்திரக் கதை எழுதப் பேனா எடுப்பவர் யாராக இருந்தாலும், எருமையையும் எருக்கமாலையையும் இந்தப் பையனின் கண் வழியாகக் காட்டட்டும். கோட்டைக்குள் ஓடித் திரிகிறவன், வீட்டுக்கு வந்துபோன மாமாவைச் சங்கிலியோடு பார்த்தவன், ராத்திரி சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்கக் கேள்வி வைத்திருப்பவன். அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை எழுதத்தான் திறமை வேண்டும்.