வாலை நம்பாத கருவிகள்

விண்டோஸில் ஒரு கோப்பின் ‘பண்புகள்’ பகுதியைத் திறந்தால் அளவும் தேதியும் கிடைத்துவிடும். வகையை மட்டும் அது பெயரின் வாலை, அதாவது நீட்டிப்பைப் பார்த்துச் சொல்கிறது. பிஎன்ஜி படத்துக்கு ஜேபிஜி என்று வால் ஒட்டினால் அப்படியே நம்பிவிடும். 1973 முதல் யூனிக்ஸில் இருக்கும் ‘ஃபைல்’ கட்டளை அவ்வளவு எளிதில் ஏமாறாது. கோப்புக்குள் புகுந்து அதன் தொடக்க பைட்டுகளைப் படிக்கிறது. பில் ஹார்வி 2003இல் வெளியிட்ட எக்ஸிஃப்டூல் இன்னும் ஆழமாகப் போகும்: படம் எடுத்த இடம் மட்டுமல்ல, கேமரா நிறுவனங்கள் தமக்கென எழுதிவைக்கும் குறிப்புகளையும் வெளியே இழுத்துப் போடும். இவற்றுக்காகக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது யாருக்கு ஒத்துவரும் என்பார்கள். நியாயம்தான், வீடியோவென்றால் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும், கோடெக்கும் பிட்ரேட்டும் சாளரத்திலேயே தெரியும். விவரம் குவிகிறது என்ற புகாரை மட்டும் ஏற்க முடியாது, வேண்டியதை மட்டும் கேட்க எக்ஸிஃப்டூலில் வழியுண்டு. படத்தைப் பிறருக்கு அனுப்புமுன் அந்தக் கருவியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.