புந்தேலா, பொந்திலி, தேசிங்கு: ஒரு குலப்பெயரின் தென்திசைப் பயணம்

1. முன்னுரை

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. மராட்டியர் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் உறுப்பாகவே அஃது இடம்பெற்றது. தமிழ் மக்கள் வழக்கிலோ அது தேசிங்குராசன் கோட்டை. தேசிங்கு அதனை ஆண்டது 1714இல், ஓராண்டும் நிறையாத காலம். கல்வெட்டும் ஆவணமும் தாராத நிலைபேற்றைக் கதைப்பாடல் அவனுக்குத் தந்துள்ளது.

இக்கதைப்பாடலில் பயிலும் பெயர்களைச் ‘சிதைந்த வடிவங்கள்’ எனக் கொள்வதும், மொழிபெயர்க்குங்கால் அவற்றை ‘மூல வடிவத்திற்கு’ மீட்பதும் ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டன. தேசிங்கு ‘தேஜ்சிங்’ ஆகிறான். மோவுத்துக்காரன் ‘மகபத்கான்’ ஆகிறான். இவ்வழக்கம் மொழியியல் நோக்கில் ஏற்புடையதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. குலப்பெயரும் பிறப்புக் கதையும்

தேசிங்கு புந்தேலா என்னும் இராசபுத்திரக் குலத்தைச் சார்ந்தவன். மத்திய இந்தியாவின் புந்தேல்கண்டு இக்குலத்தாற் பெயர்பெற்ற நிலப்பகுதி. குலத்தவருள் உருத்திரபிரதாபன் 1531இல் ஓர்ச்சா நகரை நிறுவினான். காசியையாண்ட ககர்வார் மரபின் வழிவந்தோராகக் குலமரபுரைகள் இவர்களைக் கூறும். முன்னோன் ஒருவன் விந்தியவாசினி தேவிக்குத் தன்னையே பலியிட முற்பட்டபோது சிந்திய குருதித் துளியிலிருந்து இக்குலம் தோன்றிற்று என்பது பிறப்புக் கதை. துளியைக் குறிக்கும் ‘பூந்த்’ என்னும் இந்திச் சொல்லே குலப்பெயருக்கு அடி என்பர்.

இவ்விளக்கம் பெயரின் முற்பாதிக்கு மட்டுமே பொருள் கூறுகிறது. பாகேலா, சந்தேலா ஆகிய அண்டைக் குலப்பெயர்களிலும் ‘ஏலா’ என்னும் இறுதி காணப்படுகிறது. பிராகிருதத்தில் உடைமையும் சார்பும் உணர்த்தும் ‘இல்ல’ போன்ற விகுதிகளோடு இவ்விறுதியை ஒப்பிட இடமுண்டு. துளிக்கதை இவ்விறுதியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆகவே பெயர் முன்னது, கதை பின்னது எனக் கருதுவதே பொருந்தும்.

விந்தியமலையின் பெயரே அடி என்னும் மற்றொரு கருத்து ஆய்வாளரிடையே செல்வாக்குடையது. அதற்கும் தடையுண்டு. விந்திய என்பது பிராகிருதத்தில் ‘விஞ்ஜ’ எனத் திரிவதே முறை. மத்திய என்பது ‘மஜ்ஜ’ எனத் திரிந்தது இதற்குச் சான்று. புந்தேலா என்பதிலோ பல்லொலியாகிய தகரம் எஞ்சியுள்ளது. எனவே இவ்விளக்கத்தை ஏற்பவர், பெயர் இயல்பான பேச்சுவழித் திரிபாக வராமல் வடமொழி வடிவிலிருந்து பிற்காலத்தில் எடுக்கப்பட்டது எனக் காட்டல் வேண்டும்.

குலப்பெயரின் வேர் இவ்வாறு உறுதிப்படாதிருக்க, அதனைக்கொண்டு குலத்தின் தூய்மையை நிறுவுதல் இயலாது. வட இந்தியப் படைத்தொழிற் சந்தையை ஆராய்ந்த தி. கோல்ஃப் 1990இல் வெளியிட்ட நூலில், இராசபுத்திரர் என்பது தொடக்கத்தில் படைத்தொண்டால் எய்தக்கூடிய தகுதியாகவும் விளங்கியது எனக் காட்டினார். அந்நோக்கில் மரபுரைகளை, எய்திய தகுதிக்குப் பின்னர் எழுதப்பெற்ற சான்றிதழ்கள் எனலாம்.

3. தெற்கே வந்த சொல்

இக்குலத்தாரைத் தெற்கே கொணர்ந்ததும் படைத்தொண்டே. 1690 முதல் 1698 வரை நீடித்த செஞ்சி முற்றுகையில், சுல்பிகர்கானின் முகலாயப் படையில் ததியா நாட்டுத் தலபத்ராவ் புந்தேலா பணியாற்றினான். கோட்டை வீழ்ந்தபின் சுரூப்சிங் என்னும் புந்தேலத் தலைவன் அதன் காவலனானான். 1714இல் அவன் இறக்க, மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றான். திறைப் பூசலில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மடிந்தான்.

வடபுலப் படைவீரர் வழியினராகத் தென்னாட்டில் தங்கிய ஒரு குழுவினர் ‘பொந்திலி’, ‘பொந்தில்’ என்னும் பெயர்களால் அழைக்கப்படுகின்றனர். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பு இப்பெயரைப் புந்தேல்கண்டோடு இணைத்துக் கூறுகிறது. தமிழ்நாட்டரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இக்குழு இடம்பெற்றுள்ளது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. புந்தேலா என்பது குலத்தின் பெயர்; புந்தேலி என்பது புந்தேல்கண்டைச் சார்ந்தது எனப் பொருள்படும் பெயரடை; அந்நிலத்து மொழிக்கும் அதுவே பெயர். பொந்திலி என்பதன் இறுதி இகரம் இரண்டாவதனோடு பொருந்துகிறது. எனவே அப்பெயர் ‘அந்நிலத்திலிருந்து வந்தோர்’ என்னும் பொருளில் வழங்கத் தொடங்கிற்று எனக் கொள்வது தகும். அதனைப் ‘புந்தேலா’ எனத் திருத்துவோர், நிலப்பெயரால் அழைக்கப்பட்ட பல்வேறு வீரர்களை ஒரே குலத்துள் அடக்கிவிடுகின்றனர். திருத்தம் என்னும் பெயரால் ஒரு வரலாற்றுச் செய்தி அழிகிறது.

எழுத்தாலும் இடருண்டு. இக்கட்டுரையாளர் வாழும் அத்திபெலே, கருநாடகத்தின் எல்லையில் ஓசூரை அடுத்துள்ளது. அவ்வூர்ப்பெயரில் உள்ள பகரத்தின் ஒலிப்புத்தன்மையைக் கன்னட எழுத்து காட்டும். தமிழ் எழுத்து காட்டாது. எனினும் அது சொல்லிடையில் நிற்பதால் தமிழர் நாவில் இயல்பாகவே ஒலிப்புடன் வரும். பொந்திலி என்பதன் பகரமோ மொழிமுதலில் நிற்பது. பெயரைச் செவிவழி அறியாதவர் அதனை ஒலிப்பின்றியே படிப்பர். நாளடைவில் ‘பொந்து’ என்னும் தமிழ்ச்சொல்லை அதனுட் கண்டு புதியதொரு கதை புனையவும் கூடும். துளிக்கதை பிறந்த வழியும் இதுவே.

4. கதைப்பாடலின் ஒலியியல்

தேஜ்சிங் என்பது தேசிங்கு ஆனதில் ஒழுங்கின்மை ஏதுமில்லை. ஜகரமும் அதனை அடுத்த சகரமும் ஒன்றாயின. இறுதி மெய் குற்றியலுகரம் பெற்றது. இரண்டும் தமிழ் ஒலியமைப்பின் விதிக்குட்பட்டவை. ஆங்கில நூல்களிற் காணும் ‘டெசிங்’ என்னும் வடிவமோ தமிழ் வடிவினின்றும் பிறந்தது. தேசம், தேவன் போன்ற சொற்களைப் போல முதலெழுத்தை ஒலிப்புடன் கூறியதன் விளைவு அது. அதனை மூலவடிவமெனக் கருதி மீண்டும் தமிழில் எழுத்துப்பெயர்ப்போர், தமிழ்ப் பெயரொன்றை அயற்பெயராகக் கடன் வாங்குகின்றனர்.

மோவுத்துக்காரன் என்பது இன்னும் நுட்பமானது. மகபத் என்பதில் ஹகரம் கெட்டு உயிர்கள் ஓகாரமாயின. இடைநின்ற பகரம் வகரமாயிற்று. கான் என்னும் சிறப்புப்பெயரோ ‘காரன்’ என்னும் தமிழ் விகுதியாகக் கொள்ளப்பட்டது. பொருள் விளங்காத அயலுறுப்பைத் தன் சொல்லாக்க முறைக்குள் தமிழ் ஏற்றுக்கொண்ட பாங்கு இது. தேசிங்கின் தோழனாகிய ஓர் இசுலாமிய வீரனைப் பாடுவோரும் கேட்போரும் வேலைக்காரன், ஊர்க்காரன் என்பன போன்ற பெயரமைப்பால் அழைத்தனர் என்பது இதனாற் புலனாகும். ‘மகபத்கான்’ எனத் திருத்திய பதிப்பில் இவ்வுறவின் தடயம் இல்லை.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு

தேஜ்சிங் ஆவணங்களில் வாழ்பவன். நவாபோடு திறைக்கணக்குப் பற்றி மாறுபட்டவன். தேசிங்கு பாடலில் வாழ்பவன். தில்லியில் அடங்காக் குதிரையை அடக்கியவன், சிங்கவரத்து அரங்கனை வணங்கியவன். இருவரும் ஒருவரே எனினும் இருவகை உண்மைக்கு உரியோர். கதைப்பாடலை மொழிபெயர்ப்போர் பனுவலில் பாடலின் வடிவத்தையே போற்றி, ஆவண வடிவத்தை முன்னுரையில் தருதல் வேண்டும். வரலாற்று நூலைத் தமிழாக்குவோர் இதனை மறுதலையாகச் செய்தல் தகும்.

6. முடிவுரை

புந்தேலர் தம் பெயருக்குத் தாமே ஒரு பிறப்புக் கதை சமைத்தனர். தமிழர் அவர்களுள் ஒருவனுக்கு ஒரு பெயர் சமைத்தனர். முன்னதைச் சான்றாகவும் பின்னதைப் பிழையாகவும் கொள்வது இதுவரை நிலவிவரும் போக்கு. ஒலிமாற்ற விதிகளைக்கொண்டு நோக்கின், ஐயத்திற்குரியது முன்னது, நம்பத்தக்கது பின்னது. எனவே மக்கள் வழக்கிலுள்ள பெயரைத் திருத்த முற்படுவோர், அப்பெயர் எவ்வழியில் வந்தது என்பதை முதற்கண் ஆராய்தல் கடனாகும்.