சருகுமானுக்கு யானை பலம்

"எல் டூ ஏத்திட்டியா?" என்று கிள்ளானை அடுத்த காப்பாரில் ஒரு பையன் இன்னொருவனைக் கேட்டால், அது லாரியில் சரக்கு ஏற்றும் பேச்சு அல்ல. பழைய பெரோடுவா கஞ்சிலின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானில் ஓடிய டைஹாட்சு மீராவின் டர்போ எஞ்சினைப் பூட்டியாகிவிட்டதா என்று கேட்கிறான். பதில் 'ஆமாம்' என்றால் அடுத்த கேள்வி எவ்வளவு வேகம் போகிறது என்பதாக இருக்கும். எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது.

மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகில் தாவி அது ஆற்றைக் கடந்த கதை மலேசியாவில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரோடு 1994இல் வந்த காடி (கார்) 2009 வரை தயாரானது. ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது. தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த எத்தனையோ நம் குடும்பங்களுக்கு அதுதான் முதல் காடி. மழையில் நனையாமல் ஐந்து பேர் கோயிலுக்குப் போகலாம் என்பதே அப்போது பெரிய விஷயம். 660 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், முப்பதை ஒட்டிய குதிரைத்திறன், 12 அங்குலச் சக்கரம். எடை எழுநூறு கிலோவை எட்டாது.

அதன் உடம்பு மீரா எல்200இன் உடம்புதான். அந்த 'எல்200'தான் நம் பையன்களின் வாயில் 'எல் டூ' ஆனது. ஜப்பானில் 1990இல் இந்தக் குட்டிக் காடிகளுக்கு 660 சிசி என்று எல்லை வைத்தார்கள்; தயாரிப்பாளர்கள் தாங்களாகவே 64 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே டர்போ மீராவின் எஞ்சின் கஞ்சிலுக்குள் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்துகொள்ளும். திறன் இரண்டு மடங்காகும். சிசி மாறாததால் ரோட்டெக்ஸ் (சாலை வரி) அதே 20 ரிங்கிட்! இதைவிட மலிவாக ஒரு சாதாரணத் தொழிலாளி இரட்டிப்பு பலம் வாங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

காப்பார் சாலையை ஒட்டிய பட்டறைகளில் ஒன்றில் ஒரு சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்திருக்கிறேன். துத்தநாகக் கூரை, தரையெல்லாம் கறுப்பு எண்ணெய். நடுவில் சங்கிலியில் தொங்கியது ஒரு ஹாஃப்கட்: கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கே அறுத்த மீராவின் முன்பாதி. ஜப்பானில் பரிசோதனைச் செலவுக்குப் பயந்து நல்ல காடிகளையே கழித்துவிடுகிறார்கள். அவை இப்படிப் பாதியாகிக் கொள்கலனில் நம் துறைமுகத்துக்கு வந்து சேருகின்றன. கண்ணாடியின் மூலையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அறுபதை நெருங்கும் ஃபோர்மன் அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு வயரிங்கை உருவிக்கொண்டிருந்தார். கார்புரேட்டர் காடியை மின்னணு எரிபொருள் முறைக்கு மாற்றும்போது கம்ப்யூட்டர், சென்சார்கள், பெட்ரோல் பம்பு எல்லாம் கூடவே வர வேண்டும். ஒரு கம்பி மாறினாலும் எஞ்சின் மூச்சு விடாது. அவரிடம் வரைபடம் எதுவும் இல்லை. நிறத்தைப் பார்த்தார், தொட்டார், ஒரு சின்ன பல்பை வைத்துச் சோதித்தார், பூட்டினார். பக்கத்தில் டார்ச் பிடித்த பையனுக்குப் பதினேழு வயது இருக்கும், படிப்பை நிறுத்தியவன். மாலைக்குள் ஆக்சிஜன் சென்சார் என்ன செய்கிறது என்பதை அவன் எனக்கு விளக்கினான். எந்தப் பள்ளியும் அவனுக்குக் கொடுக்காத பாடம் அது.

இந்தப் பழக்கத்தைப் பொறுக்கித்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் அந்தப் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குப்பைக்குப் போக வேண்டிய எஞ்சின் இங்கே மறுபிறவி எடுக்கிறது. முப்பது வயதான காடி, புதிய கடன் இல்லாமல், ஒன்பது ஆண்டு தவணை இல்லாமல் ஓடுகிறது. கையில் தொழில் ஏறுகிறது. இதையெல்லாம் கணக்கில் வைக்காத விமர்சனம் எனக்கு விமர்சனமாகப் படுவதில்லை.

எஞ்சின் பூட்டி முடிந்தது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள், காடி பழங்களை நசுக்கிக்கொண்டு வெளியே போனது. அன்று அந்தக் காடியின் சக்கரங்களை யாராவது கவனித்துப் பார்த்தார்கள் என்றால் அது எலுமிச்சம்பழம் வைத்தவர்தான். பிரேக், பழைய கஞ்சிலின் பிரேக்காகவே இருந்தது.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் காசில்லை என்றானாம். நம் ஊர் மாற்றியமைப்பின் அடிப்படைக் கோளாறு இந்த வரிசைதான். முதலில் எஞ்சின், அடுத்து எக்சாஸ், அடுத்து ஸ்போர்ட் ரிம், அடுத்து ஸ்பிரிங் அறுத்துத் தாழ்த்துவது, பிறகு ஒலிபெருக்கி. கடைசியில் காசு மிஞ்சினால் பிரேக். காசு மிஞ்சுவதில்லை. காரணம் அறியாமை மட்டுமல்ல. டர்போவின் 'புஸ்' சத்தத்தை மாமாக் கடை வாசலில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல பிரேக்கை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

வேகம் இரண்டு மடங்கானால் காடியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்தப் போதுமான பிரேக் 160இல் நான்கு பங்கு சூட்டை விழுங்க வேண்டும். பழைய கஞ்சிலில் முன்னால் சின்ன டிஸ்க், பின்னால் டிரம். அந்தச் சூடு எங்கே போகும்?

எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். என்னிடமும் ஒரு கஞ்சில் இருந்தது. டர்போ கூட இல்லை, 850 சிசி வகைதான். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்து, அகல டயர் போட்டு, உலு யாம் மலைப்பாதையில் ஞாயிறு காலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இறக்கத்தில் நாலைந்து வளைவுகள் அழுத்தி அழுத்தி வந்தபின் அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, ஓரப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். சக்கரத்திலிருந்து கருகின வாசனை. மறுநாள் ஃபோர்மன் மூடியைத் திறந்து காட்டினார்: பிரேக் எண்ணெய் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் இருந்தது. "தம்பி, இது எண்ணெய் இல்ல, பாதி தண்ணி" என்றார். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 3 எண்ணெய்க்குக் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பெடல் தரைக்குப் போனது அதனால்தான். நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிங் அறுத்ததும் இதில் சேரும். அறுத்த ஸ்பிரிங் கடினமாகும், ஆனால் நகர இடம் இருக்காது. அப்சார்பர் பழையதே. மேடு வந்தால் காடி அடியோடு முட்டித் துள்ளும். துள்ளும் டயர் சாலையைப் பிடிக்காது. வளைவில் 'ஒட்டிக்கிட்டுப் போவுது' என்று நாங்கள் பெருமையாகச் சொன்னதெல்லாம் சமதளத்தில் மட்டுமே உண்மை. காப்பார் சாலை சமதளமா என்பதை அங்கே கொள்கலன் லாரிக்குப் பின்னால் போனவர்களிடம் கேளுங்கள்.

இதற்கு மாறாக, வரிசை தெரிந்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 1961இல் ஜான் கூப்பர் இங்கிலாந்தின் குட்டி மினியைக் கையில் எடுத்தார். 34 குதிரைத்திறன் 55 ஆனது. அதே காடியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. யானையும் அங்குசமும் ஒரே நாளில். மூன்றே ஆண்டில், 1964இல், அந்த மினி பனி மூடிய மலைகளில் மொந்தே கார்லோ ரேலியை வென்றது. நம் நாட்டிலேயே 1990களின் இறுதியில் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இருந்தது. 1.8 லிட்டர் எஞ்சினோடு நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், ரெக்காரோ இருக்கை, லோட்டஸ் பொறியாளர்கள் சரிபார்த்த சஸ்பென்ஷன். அதை ஓட்டியவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதைவிட ஸ்டியரிங்கைப் பற்றி அதிகம் பேசுவார்கள்.

சட்டப் பக்கம் இன்னும் குழப்பம். எஞ்சின் மாற்றுவது குற்றமல்ல. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யிடம் அனுமதி வாங்கி, இறக்குமதி ஆவணம் காட்டி, காடியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்தால் போதும். எத்தனை பேர் செய்கிறார்கள்? பட்டறையில் கேட்டால் சிரிப்பார்கள். பதியாத எஞ்சினோடு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கக் காரணம் தேட வேண்டியதே இல்லை. ரோட்பிளாக்கில் தாழ்ந்த, கண்ணாடி கறுத்த காடியில் நம் பையன்கள் வந்தால் டார்ச் முதலில் அங்கேதான் விழும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சம்மன் எக்சாஸ் சத்தத்துக்கு வரும், கண்ணாடிக்கு வரும். பிரேக்குக்கு வராது. கண்ணுக்குத் தெரிவதையே பையன்களும் மாற்றுகிறார்கள், காவலரும் பிடிக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

2009 அக்டோபரில் அரசு அறிவித்த வாகனக் கொள்கைத் திருத்தத்தில், 15 வயதைத் தாண்டிய காடிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று ஒரு விதி இருந்தது. ஊரே கொதித்தது, சில நாள்களில் கைவிட்டார்கள். அப்போது நானும் எதிர்த்தேன். ஏழையின் காடியைப் பிடுங்கும் சூழ்ச்சி என்று நண்பர்களிடம் பேசினேன். இன்று என் எண்ணம் மாறியிருக்கிறது. பரிசோதனை வேண்டும், கட்டணம் மட்டும் கஞ்சில் வைத்திருப்பவன் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பிரேக், டயர், ஸ்டியரிங் மூன்றையும் பார்த்தால் போதும், எக்சாஸ் சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாலையில் சாகும் நாடு இது. அவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள். நிற்காத கஞ்சிலுக்கு முன்னால் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

ஓடுதளத்துக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். போகலாம், எங்கே? 1968இல் திறந்த பத்து தீகா ஓடுதளம் கிள்ளானிலிருந்து கூப்பிடு தூரம். உலக மோட்டார்சைக்கிள் பந்தயம் கூட அங்கே நடந்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அதை இடித்து வீடு கட்டினார்கள். செப்பாங் 1999இல் வந்தது: 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, இரண்டு நீண்ட நேர்கோடு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் காடியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய இடம். நம் எல்லாருக்கும் அன்று ஒரு பெருமை இருந்தது. ஆனால் கஞ்சிலுக்கு அது கடலில் விட்ட கட்டுமரம். நேர்கோட்டில் எஞ்சின் கதறும், பெரிய காடிகள் பக்கத்தில் பறக்கும், கட்டணமும் டயர் செலவும் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கும்.

ஆனாலும் ஒருமுறை போய்விட்டு வந்தவன் வேறு ஆளாக வருகிறான். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். எதிரே லாரி வராது, மாடு வராது, தவறினால் சரளைக்கல். அங்கே மூன்றாவது சுற்றிலேயே பிரேக் முனகும். அன்றைக்கு அவனுக்குப் புரியும் எதை முதலில் மாற்றியிருக்க வேண்டும் என்று. இன்னொன்றும் புரியும்: பலமில்லாத காடியை வளைவில் வேகம் குறையாமல் கொண்டுபோவதில்தான் முழு ருசியும் இருக்கிறது. மணிக்கு 70இல், டயர் மெல்ல அழும்போது, ஸ்டியரிங் கையில் லேசாகும் அந்த நொடி. விலையுயர்ந்த காடியில் அந்த நொடி 180இல்தான் வரும். பழைய குட்டிக் காடியின் பெரிய செல்வம் இதுதான். டர்போ ஏற்றுகிறவன் முதலில் தொலைப்பதும் இதைத்தான்.

செப்பாங்கில் ஓட்டிய அந்த நரேனும் தொடக்கத்தில் ஓட்டியது சின்ன எஞ்சின் ஃபார்முலா மாருதிதான். கோயம்புத்தூரின் கரிவர்தன் மாருதி 800இன் சின்ன எஞ்சினை வைத்து, சாமானியன் கைக்கெட்டும் செலவில் பந்தயக் காடி செய்து, இளைஞர்களை ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்துக்கு அனுப்பினார். மலிவான எஞ்சின், கண்காணிப்பு, விதி, ஓடுதளம். நம்மிடம் முதலாவது ஏராளமாகக் கிடக்கிறது. மற்ற மூன்றும்தான் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமில்லாத சின்ன ஓடுதளம் ஒன்று, வார இறுதியில் ஐம்பது ரிங்கிட்டுக்கு, வாசலில் பிரேக் பரிசோதனையோடு கிடைத்தால், பையன்கள் நள்ளிரவு நெடுஞ்சாலையைத் தேட மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பாதிப் பேராவது வருவார்கள். நகராண்மைக் கழகமும் நம் மக்கள் பிரதிநிதிகளும் கோயில் திருவிழாவுக்கு மாலை போட வரும்போது இதையும் ஒருமுறை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

அதுவரை, கஞ்சிலோ மைவியோ எதை வைத்திருந்தாலும், எஞ்சின் மூடியைத் திறந்து பிரேக் எண்ணெயைப் பாருங்கள். தே ஓ நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். ஒரு போத்தல் எண்ணெய், ஃபோர்மனுக்குக் கூலி, ஒரு மணி நேர வேலை. ஈராண்டுக்கு ஒருமுறை போதும்.