முறைக்குள் ஒரு ‘நான்’

தமிழில் ஒருவரைக் கூப்பிட வாயெடுக்கும்போதே அவர் நமக்கு என்ன முறை என்று தீர்மானித்தாக வேண்டும். சித்தப்பா மகள் அக்காளோ தங்கையோ. தாய்மாமன் மகளோ முறைப்பெண். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். இதை வைத்துக்கொண்டு தமிழருக்கு உறவுதான் எல்லாம், தனியாள் என்ற உணர்வே கிடையாது என்று முடிவுகட்டுவது எளிது. அவசர முடிவு அது. இலக்கணத்தில் உள்ளதெல்லாம் மனத்திலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழரிடையே தங்கி ஆய்ந்த மானிடவியலாளர்கள் தங்களுக்குள் முரண்பட்ட விதத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும்.

இந்திய ஆள் பிரிக்க முடியாத ஓர் அலகு அல்ல, உணவு, நீர், தொடுகை வழியே பிறருடன் குணங்களைக் கொடுத்து வாங்குகிறவர் என்று 1976இல் மெக்கிம் மேரியட் எழுதினார். இந்தக் கருத்தைத் தமிழ்க் கிராமம் ஒன்றில் வைத்து விரித்தவர் இ. வாலன்டைன் டேனியல். 1984இல் வந்த அவரது ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ நூலில் ஊர் மண், வீடு, துணை எல்லாமே ஆளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படுகின்றன. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் பின்னால் இத்தனை இருக்கிறது! மார்கரெட் ட்ராவிக்கின் 1990ஆம் ஆண்டு நூல் இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. அவர் தங்கியிருந்த தமிழ்க் குடும்பத்தில் அன்பு அடக்கத்தோடும் பழக்கத்தோடும், சில சமயம் கடுமையோடும் கலந்தே வெளிப்பட்டது. தாயின் கண்ணே பட்டுவிடும் என்று சொந்தப் பிள்ளைமீதுள்ள ஆசை மறைக்கப்பட்டது. மறைத்த அன்பையும் படித்தறியக் கற்றுத்தான் அந்தக் குழந்தை ஆளாகிறது.

இதற்கு வலுவான மறுப்பு மாட்டிசன் மைன்ஸிடமிருந்து 1994இல் வந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் கேட்ட வாழ்க்கைக் கதைகளில் சொந்தக் குறிக்கோளும் வருத்தமும் பொறுப்பும் கொண்ட தனிமனிதர்கள் இருந்தார்கள். மேரியட் வழியினர் இவர்களைக் காணத் தவறியது உண்மைதான். ஆனால் அதே மைன்ஸ் காட்டும் பெரிய மனிதரின் தனித்தன்மை கோயில் பொறுப்பிலும் அறக்கட்டளையிலும் ஆதரவாளர் கூட்டத்திலும்தான் நிலைபெறுகிறது. உறவை வெட்டி எடுத்தால் மிஞ்சுவதை அல்ல, உறவை ஒருவர் கையாளும் விதத்தையே அவர் கண்டார் என்பேன். உறவுகளை உதறிய துறவியே இந்தியாவின் உண்மையான தனிமனிதர் என்ற லூயி துய்மோனின் வாதமும் இங்கே முழுதாக நிற்பதில்லை. எல்லாம் துறந்த பட்டினத்தார்தான் தாயின் சிதைக்கு வந்து நிற்கிறார் என்று தமிழ் மரபு சொல்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. உறவு ஆளை ஆக்குகிறது என்றால் அழிக்கவும் செய்யுமே? கணவன் இறந்ததும் பூவையும் பொட்டையும் இழந்து மங்கலங்களிலிருந்து விலக்கப்பட்ட பெண், உறவோடு தன் சமூக அடையாளத்தையும் இழந்தாள். ஆணுக்கு அப்படி நேரவில்லை. ஆகவே உறவுகளை வெறும் அரவணைப்பாகப் பேசும் எழுத்தை நான் நம்புவதில்லை. இந்த அநீதியை எதிர்த்த சுயமரியாதை இயக்கம் தன் பெயரிலேயே ‘சுய’ என்ற சொல்லைச் சூடிக்கொண்டது. ஆனாலும் சுயமரியாதையை உறவுக்கு வெளியே தேடவில்லை, திருமணத்தையே மாற்றியமைத்தது. அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டின் திருமணச் சட்டத் திருத்தம் புரோகிதரைக் கட்டாயமாக்கவில்லை. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் அது விடவில்லை.